ஒரு சாண் வோல்வோ

ஆர்விட் யாருடைய காரைச் செய்கிறாரோ, அவர் அடுத்த பனிக்காலம் பார்ப்பதில்லை. நோர்பி கிராமத்தில் இதை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அவர் செய்வது நிஜக் கார் இல்லை. ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் கார். பழைய தபால் ஆபீஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெட்டியில் துண்டு துண்டாக வருவதை ஒட்டி, பெயின்ட் அடித்து, துரு, நசுங்கல், சக்கரத்துச் சேறு வரைக்கும் அப்படியே கொண்டுவந்துவிடுவார்.

வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக்காக இருக்கும்வரை யாருக்கும் பயமில்லை. நிறம் ஏறிய பிறகுதான் அது யாருடையது என்று தெரியும். இதுவரை ஒன்பது கார். ஒன்பது பேரும் இப்போது சர்ச்சுக்குப் பின்னால் படுத்திருக்கிறார்கள்.

போன வருஷம் டாக்னி வீட்டு மஞ்சள் கார். அவள் புருஷன் அதுவரை நன்றாகத்தான் இருந்தாராம். அடக்கம் முடிந்த மறுவாரம் ஆர்விட் அந்தக் காரைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாராம். அவர் முகத்திலேயே கதவைச் சாத்தினாளாம். ஆராதனை முடிந்து சர்ச்சில் காபி குடிக்க யார் வந்தாலும் டாக்னி இதைச் சொல்லாமல் விடமாட்டாள்.

சிக்ரிட் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. கர்த்தரை நம்புகிறவள் பொம்மைக்குப் பயப்படலாமா என்று டாக்னியைக் கடிந்துகொண்டவள்.

அந்தப் புதன்கிழமை காலை, சர்ச்சில் மெழுகுவத்தி மாற்றிவிட்டு இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தார்கள். தபால் ஆபீஸ் ஜன்னலருகே டாக்னி சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

"பாக்காதடி. வா, அந்தப் பக்கமாப் போயிடலாம்."

சிக்ரிட் பார்த்துவிட்டாள்.

வெளிர் பச்சை வோல்வோ. அந்த நிறத்தில் ஊரில் நாலு கார் ஓடியிருக்கும். ஆனால் இதில் வலது முன் மட்கார்டு மட்டும் சிவப்பு. கடமான் மோதி நசுங்கியதற்குப் பதிலாக, பழைய இரும்புக் கடையில் கிடைத்ததை ஹெல்மர் அப்படியே மாட்டினார். அதற்கும் பச்சை அடிக்கச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஹெல்மர் அவள் கணவர். காலையில்தான் இரண்டு துண்டு ரொட்டி தின்றுவிட்டு விறகு அடுக்கப் போயிருந்தார்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். டாக்னி வாசல்படி ஏறவில்லை.

காரின் மேல்கூடு ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது. ஆர்விட் கையில் இருந்தது உள்பக்கம். மூன்றே இழை உள்ள பிரஷால் பின் சீட்டில் எதையோ தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

சிக்ரிட் குனிந்து பார்த்தாள். பழுப்பாக ஒரு கறை.

மகள் ஹெட்விக்கின் ஞானஸ்நானத்துக்குப் போகிற வழியில் காபி பிளாஸ்க் கவிழ்ந்த கறை அது. அன்றைக்கே மேலே கம்பளி போட்டு மூடியவள் அவள்தான். வெளியார் யாரும் அதைப் பார்த்ததில்லை. காரைப் பழைய இரும்புக்குப் போட்டே முப்பது வருஷம்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

மரியாதை நழுவியதை அவள் கவனிக்கவில்லை. ஆர்விட் பிரஷைத் துடைத்து வைத்தார். காபி குடிக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார்.

வேண்டாம் என்றாள். இதுவரை எத்தனை பேரை இப்படி அனுப்பினாய், என் வீட்டுக்காரர் உனக்கு என்ன செய்தார் என்று கேட்டாள். ஜன்னலிலிருந்த மேல்கூட்டை எடுத்துக்கொண்டாள். ஈரம் காயாத பச்சை விரலில் ஒட்டியது.

"இதை நான் உடைக்கப் போறேன்."

"உடைங்க," என்றார் ஆர்விட். "ஆனா இன்னொண்ணு செய்ய நாள் போதுமான்னு தெரியலை."

"யாருக்கு நாள் போதாது?"

அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் கிடந்த காலி நாற்காலியைப் பார்த்தார். அதில் ஒரு மெத்தை போட்டிருந்தது.

"சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன். வந்த ஒன்பது பேருக்கும் அதே வாக்குதான். ஆனா நேர்ல நின்னு கேக்கறவங்ககிட்ட எனக்குப் பொய் வரலை. ஆஸ்பத்திரியில நாள் சொல்லி அனுப்பின பிறகுதான் ஒவ்வொருத்தரா இங்க வர்றாங்க. வீட்டுல சொல்ல வாய் வர்றதில்லை. இங்க உக்காந்து பழைய காரைப் பத்தி மட்டும் பேசுவாங்க. நான் அவங்க சொல்றபடி பெயின்ட் அடிப்பேன்."

சிக்ரிட்டின் கண் அந்த நாற்காலி மெத்தைக்குப் போனது.

"ஹெல்மர் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வர்றார்."

செவ்வாய்க்கிழமை அவர் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போவதாக அல்லவா சொல்லியிருந்தார்.

"கறையை விட்டுடாதேன்னார். காபி கொட்டினதுக்கு அன்னிக்கு நீங்க திட்டுவீங்கன்னு பயந்தாராம். நீங்க சிரிச்சீங்களாம். நான் போன பிறகு இதை அவ கையில குடுன்னார்."

வெளியே டாக்னி கண்ணாடியைத் தட்டி, வா வா என்று கையாட்டிக்கொண்டிருந்தாள்.

சிக்ரிட் மேல்கூட்டை எடுத்த இடத்திலேயே வைத்தாள். அவள் விரல் பட்ட இடமெல்லாம் பச்சை கலைந்திருந்தது. சுரண்டிவிட்டு மறுபடி அடிக்க எத்தனை நாளாகும் என்று கேட்டாள். ஒரு வாரம் என்றார்.

"மெதுவாவே அடிங்க, ஆர்விட். நான் வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம்." கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு கதவுவரை போனவள் திரும்பினாள்.

"கார் முடிஞ்சா கூட, இன்னும் முடியலைன்னே அவர்கிட்ட சொல்லிக்கிட்டு இருங்க."