டிக் விழாத பெயர்

"பேர் எழுதாம ஒரு கால்கூட தண்ணியில படக்கூடாது, பெரியம்மா! முதல்ல இங்க வாங்க!"

பாவ்யுவேயின் குரல் கடற்கரை முழுக்கக் கேட்டது. லியூச்சியு தீவில் கடலில் இறங்குகிற எவரும் அவளுடைய கீற்றுக் கொட்டகையைத் தாண்டித்தான் போக வேண்டும். மேசை மேல் ஒரு நோட்டு, நூலில் கட்டிய பேனா.

தலையில் பெரிய துணித்தொப்பியுடன் ஷியூஜின் அம்மாள் மூச்சிரைக்க வந்தாள். "தைச்சுங்கிலேர்ந்து வர்றோம்மா. அவரும் பிள்ளைங்க ரெண்டு பேரும் உடை மாத்திக்கிட்டிருக்காங்க. ஆமை பார்க்கணும்னு என் பொண்ணு ராத்திரியெல்லாம் தூங்கலை!"

"பார்க்கலாம், தொடக்கூடாது. தொட்டா அபராதம். மிதவைக் கயிறைத் தாண்டக்கூடாது. லைஃப் ஜாக்கெட்?"

"தங்கியிருக்கிற வீட்டுலயே கொடுத்துட்டாங்க."

"நல்லது. எல்லார் பேரையும் எழுதுங்க. வெளியில வரும்போது அவங்கவங்க பேருக்கு அவங்கவங்களே டிக் போடணும். டிக் விழாத பேர் ஒண்ணு இருந்தாலும் ஆளைத் தேடிப் படகு கிளம்பிடும்."

ஷியூஜின் பேனாவை எடுத்தாள். கொஞ்சம் யோசித்தாள். "ஏம்மா, செத்தவங்க எல்லாம் வெளியில வந்து சுத்துற ஏழாம் மாசத்துல கடல்ல இறங்கலாமா? என் மாமியார் இருந்திருந்தா காலை உடைச்சிருப்பாங்க."

"பேய் எல்லாம் இழுக்காது பெரியம்மா, நீரோட்டம்தான் இழு..."

"ஐயோ, அந்தப் பேரைச் சொல்லாதே! நல்ல அண்ணன்மார்னு சொல்லு!" ஷியூஜின் கடலைப் பார்த்து அவசரமாக ஒரு கும்பிடு போட்டாள்.

"சரி, நல்ல அண்ணன்மார். அவங்களை நீங்க பார்த்துக்குங்க, நீரோட்டத்தை நான் பார்த்துக்கறேன்" என்று பாவ்யுவே சிரித்தாள். அதற்குள் பள்ளிச் சுற்றுலாக் கூட்டம் ஒன்று கூச்சலோடு வந்து மேசையை மொய்த்துக்கொண்டது. ஷியூஜின் ஒவ்வொரு பெயராக எழுதி முடித்துவிட்டு, நோட்டை அவர்கள் பக்கம் தள்ளினாள்.

மூன்றரை மணிக்குக் காற்று திசை மாறியது. பாவ்யுவே சிவப்புக் கொடியை ஏற்றி, விசிலை ஊதித் தள்ளினாள்.

"எல்லாரும் வெளியே! ஆமை நாளைக்கும் இருக்கும், நீங்க இருக்கணும்ல?"

கூட்டம் சொட்டச் சொட்டக் கரையேறியது. "அம்மா, ஆமை என் மூஞ்சி பக்கத்துல வந்து மூச்சு விட்டுச்சும்மா!" என்று ஷியூஜினின் மகள் குதித்தாள். "என்னை ஒரு பொருட்டாவே மதிக்கலை. உங்க அம்மா மாதிரியே" என்றார் அவள் அப்பா. ஆளாளுக்குப் பேனாவைப் பிடுங்கி டிக் போட்டார்கள்.

பாவ்யுவே நோட்டில் விரலை ஓட்டினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"லின் தியன்ஃபூ! யாருங்க லின் தியன்ஃபூ? பெரியம்மா, இது உங்க கையெழுத்துதானே? உங்க கூட்டத்துல ஒருத்தர் இன்னும் வரலை!"

ஷியூஜினின் முகம் வெளுத்தது. "அது... அது வந்தும்மா..."

"பதறாதீங்க. என்ன கலர் ஜாக்கெட்?"

"ஜாக்கெட்டெல்லாம்... இல்லையேம்மா..."

"ஜாக்கெட்டே இல்லையா!" பாவ்யுவே மீட்புப் படகுக்காரப் பையன் பக்கம் திரும்பினாள். "ஆகி, படகை எடு! ஜாக்கெட் இல்லாம ஒரு ஆள் உள்ள இருக்கார்!"

படகு கிளம்பியே விட்டது. ஷியூஜின் பாவ்யுவேயின் கையைப் பிடித்தாள். "நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"அப்புறம் பெரியம்மா! நீச்சல் தெரியுமா அவருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஷியூஜின் அழுகிற குரலில் சொன்னாள். அவள் கணவர் தலையில் கை வைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார்.

கரையே எழுந்து நின்றது. மிதவைக் கயிற்றைத் தாண்டி, பவளப்பாறை முனையில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. படகு ஏறியது, இறங்கியது, மறைந்தது. பாவ்யுவேயின் வாக்கிடாக்கி கரகரத்தது.

"இருக்கார்! பாறை முனைக்கு வெளியே! கையை ஆட்டுறார்... இல்ல, ஆட்டலை, முங்குறார்!"

"போ ஆகி, போ!"

"வளையத்தை வீசிட்டேன்... பிடிக்கலை... மறுபடியும்... பிடிச்சுட்டார்! பிடிச்சுட்டார்க்கா!"

கரை முழுக்கக் கூச்சல். மாம்பழ ஐஸ் விற்கிறவர்கூடக் கடையை விட்டுவிட்டு வந்து கைதட்டினார். பாவ்யுவே துண்டை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு ஓடினாள். இன்னும் இரண்டு நிமிடம் தாமதித்திருந்தால்?

படகிலிருந்து ஓர் இளைஞனைத் தாங்கி இறக்கினார்கள். உப்புத் தண்ணீரைக் கக்கினான். துண்டைப் போர்த்தினார்கள்.

"பெரியம்மா, இந்தாங்க உங்க ஆள்! நல்லாத் திட்டுங்க!" என்றாள் பாவ்யுவே, கண்ணைத் துடைத்தபடி.

ஷியூஜின் திட்டவில்லை. வாயைப் பிளந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இளைஞன் நடுங்கும் குரலில் கேட்டான்: "அக்கா, நான் தனியா வந்தவன். பேர் எழுதச் சோம்பேறித்தனம், அந்தப் பக்கம் பாறை வழியா இறங்கிட்டேன். ஒரு மணி நேரமா கத்துறேன், ஒருத்தருக்கும் கேட்கலை. நான் உள்ள இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பாவ்யுவேக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்ப நீங்க லின் தியன்ஃபூ இல்லையா?"

"இல்லக்கா, நான் ஷூ பின்ஹான்."

"ஐயையோ! ஆகி, படகைத் திருப்பு! இன்னொரு ஆள் உள்ள இருக்கார்!"

ஷியூஜின் பாய்ந்து அவளைப் பிடித்து நிறுத்தினாள். "வேண்டாம்மா, யாரும் இல்லை! நாலுன்னு சொன்னா சாவுன்னு கேட்குதுன்னு ஆஸ்பத்திரியிலயே நாலாவது மாடின்னு சொல்லப் பயப்படுற ஊர்ல, ஏழாம் மாசத்துல நாலே பேரா எப்படிக் கடல்ல இறங்கறதுன்னு, அஞ்சாவதா ஒரு பேரை நான்தான் சும்மா எழுதி வெச்சேன்!"