கொலைக்கு ஒரு காரணம்

"சின்னவ எழுதின கொலைக் கதையைப் படிச்சீங்களா மாமா? படிச்சிருந்தா இப்படி நிம்மதியா காபி குடிச்சுக்கிட்டு இருக்க மாட்டீங்க."

பெரிய மருமகள் புத்தகத்தை மேஜையில் வைத்தாள். பக்கங்களுக்கு நடுவே சிவப்பு ஸ்டிக்கர்கள் எட்டிப் பார்த்தன.

மாமனாருக்குச் சொந்தமாக ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. முந்நூறு தையல் மிஷின். தைத்து வரும் சட்டைகளைக் கடைசியாகச் சோதிப்பது பெரியவள் வேலை. குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். பதினெட்டு வருஷப் பழக்கம். கண் பார்த்ததும் கை ஒட்டிவிடும். யோசனைக்கு அங்கே இடமே கிடையாது.

அந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒருத்தராவது அவளைப் பாராட்டியிருப்பார்களா? சின்ன மருமகள் வந்து ஆறே வருஷம். அவள் எழுதின கதையில் ஏதோ பணக்காரக் குடும்பமாம், அதில் ஒரு கொலையாம், செய்தது யார் என்று கடைசிவரை தெரியாதாம். மூன்று மாதத்தில் இரண்டு பதிப்பு காலி. தொழிற்சாலையில் பட்டன் தைக்கிற பெண்கள்கூட சாப்பாட்டு நேரத்தில் அதைத்தான் மாற்றி மாற்றிப் படிக்கிறார்கள்.

போதாக்குறைக்கு, "என்னமா எழுதியிருக்கா, இல்ல?" என்று பெரியவளின் சொந்தப் புருஷனே அவளிடம் கேட்டான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நேற்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க உட்கார்ந்தாள். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் பிடிபட்டுவிட்டது. அடிப்பாவி, பேரை மட்டும் மாற்றிவிட்டு நம்ம வீட்டையே எழுதி வைத்திருக்கிறாள்.

கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக வந்தது. வசமாக மாட்டினாள். கைப்பையில் ஸ்டிக்கர் சுருள் இருந்தது. வீட்டில் நடந்தது என்று கண்ணில் பட்ட இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டே போனாள். மனசு பூராவும், மாமனார் முன்னால் சின்னவள் தலைகுனிந்து நிற்கிற காட்சிதான்.

"வீட்டு விஷயத்தைக் கடையில வெச்சு விக்கிறா மாமா. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிற அத்தனையும் இங்க நடந்தது. ஒண்ணுகூடக் கற்பனை இல்ல. ஒண்ணுக்கு ரெண்டு தடவை யோசிச்சுத்தான் ஒட்டினேன்."

அது பொய். ஆனாலும் மாமனார் நம்பினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சின்னவளைக் கூப்பிட்டார்.

"அண்ணனும் தம்பியும் மாடிப்படியில சட்டையைப் பிடிச்சுக்கிட்டது?"

"இங்க பார்த்ததுதான் மாமா."

"அப்பன்காரன் கூட்டாளியை ஏமாத்தி ஃபாக்டரியை எழுதி வாங்கினது?"

சின்னவளின் குரல் இறங்கியது. "நீங்களே ஒருநாள் மனசு விட்டுச் சொன்னது மாமா. மன்னிச்சுடுங்க."

"பீரோ சாவியைத் தலையணைக்கு அடியில வெச்சுத் தூங்கற மருமக?"

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவளே முந்திக்கொண்டாள்.

"அது நான்தான் மாமா. என்னை எழுதினா எழுதிட்டுப் போகட்டும். உங்களை எழுதினதுதான் எனக்குத் தாங்கல." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண் என்னவோ காய்ந்துதான் இருந்தது.

மாமனார் ஒவ்வொரு ஸ்டிக்கராகக் கேட்டார். சின்னவள் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள்.

"அடுத்த பதிப்பு கிடையாதுன்னு பதிப்பகத்துக்குச் சொல்லிடு. இனிமே எழுதறதா இருந்தா, இந்த வீட்டுல இருந்துக்கிட்டு எழுதாதே."

"சரி மாமா," என்றாள் சின்னவள். அழுகையை அடக்கிக்கொள்வது நன்றாகவே தெரிந்தது.

பெரியவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு ருசியான காபியை அவள் குடித்ததில்லை.

மாமனார் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. இன்னும் ஒரு ஸ்டிக்கர் பாக்கி இருந்தது. அந்தப் பக்கத்தைப் பிரித்து வாய்விட்டே படித்தார்.

"சாகும் தறுவாயில் மாமியார் தன் மகளுக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தை மருமகள் தபாலில் சேர்க்கவே இல்லை. கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அனுப்பியாயிற்று என்று வந்து சொன்னாள்."

அதே வரியை மறுபடியும் ஒருமுறை படித்தார்.

அவர் மனைவியும் கடைசி நாட்களில் ஒரு கடிதம் எழுதினாள். பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போன ஒரே மகளுக்கு, ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று. தபாலில் போடப் பெரியவள்தான் வாங்கிக்கொண்டு போனாள். மகள் வரவில்லை. வாசலைப் பார்த்துப் பார்த்தே அந்த அம்மாள் கண்ணை மூடினாள். பெற்ற தாய்க்கு இரங்காத கல்நெஞ்சுக்காரி என்று அன்றைக்கு மகளைத் தலைமுழுகியவர்தான், ஐந்து வருஷமாக அவள் பேச்சையே எடுக்கவில்லை.

"இது..." மாமனார் அந்த வரியில் விரலை வைத்தார். "இதுவும் நீ பார்த்ததா?"

"ஐயோ, இல்ல மாமா." சின்னவள் பதறிப்போனாள். "கொலைக்கு ஒரு பலமான காரணம் வேணுமேன்னு அதை மட்டும் நானா இட்டுக்கட்டினேன். அத்தை கடுதாசியைத்தான் அக்கா அன்னிக்கே தபால்ல போட்டுட்டாங்களே. நிஜத்துல யாராவது இப்படிச் செய்வாங்களா?"

மாமனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பெரியவள் பக்கம் திரும்பினார்.

"அப்போ இந்தப் பக்கத்துல ஏம்மா ஸ்டிக்கர் ஒட்டினே?"