சாம்பாரில் உப்பு

"பிடிக்காததுன்னா... சாம்பார்ல உப்பு அதிகம் மேடம்" என்று சொல்லிவிட்டு மாதப்பன் உட்கார்ந்தான்.

கேன்டீன் கவுண்டருக்குப் பின்னால் கரண்டியும் கையுமாக நின்றிருந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சாம்பாரை வைக்கிறவள் நான்தான்.

கேன்டீனில் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு புரொடக்ஷன் லைன் ஆட்கள் எல்லாரையும் உட்கார வைத்திருந்தார்கள். பெங்களூர் ஆபீஸிலிருந்து மேடம் வந்திருந்தார். கம்பெனியில் பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று, ஒவ்வொருத்தராக எழுந்து சொல்ல வேண்டும். "ஹெதர்பேடி, பயப்படாதீங்க" என்று கன்னடமும் தமிழுமாகச் சிரித்தார். நல்ல மனுஷிதான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்து சுஜாதா எழுந்தாள். பிடித்தது, அவள் ஊர் பேரிகை வரைக்கும் வருகிற கம்பெனி பஸ். பிடிக்காதது, சாம்பாரில் உப்பு.

அடிப்பாவி! நேற்றுத்தான் தட்டை நீட்டிக்கொண்டு, "ஏங்க்கா, ஊட்ல உப்புக்குப் பஞ்சமா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

பாதிப் பேருக்கு பிரஷர் என்று கம்பெனி டாக்டர் சொன்னதிலிருந்து, உப்பைக் கேன்டீன் கான்ட்ராக்டர் எல்லப்பன்தான் அளந்து கொடுக்கிறார். ஒரு அண்டா சாம்பாருக்கு ஒரு டம்ளர் உப்பு. அது எந்த மூலைக்கு? எல்லாரும் மேஜையில் இருக்கிற உப்பைப் போட்டுப் பிசைந்துதான் சாப்பிடுகிறார்கள்.

சூப்பர்வைசர் குருமூர்த்திக்கு இது தெரியாது. அவர் வீட்டு டிபன் பாக்ஸ்காரர், என் சாம்பார் அவர் நாக்கில் பட்டதே இல்லை. "குறைன்னு ஏதாச்சும் சொல்லித்தான் ஆவணும். சாம்பார்ல உப்பு அதிகம்னு சொல்லிட்டு உக்காந்துக்கோங்க" என்று காலையிலேயே எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார். சாம்பாரில் உப்பே இல்லை சார் என்று அவரைத் திருத்தக்கூட ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

இவர்களுக்கு என்ன பிடிக்காது என்று எனக்குத் தெரியாதா? தட்டோடு வரிசையில் நிற்கும்போது என்னிடம்தானே புலம்புகிறார்கள்! பாத்ரூம் போக மாற்றாள் கிடைப்பதில்லை. திருவிழாவுக்கு லீவு கேட்டால் மூஞ்சியைக் காட்டுகிறார்கள். இப்போது பார்த்தால் ஊர்ப்பட்ட குறையெல்லாம் என் சாம்பாரில் வந்து விழுகிறது.

விழட்டும். எனக்கு அதில் வருத்தமில்லை. என் கண்ணெல்லாம் கடைசி பெஞ்சில் இருந்தது.

அங்கே ரஞ்சிதா உட்கார்ந்திருந்தாள். என் மகள்.

அவளுக்குத் தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினில் வேலை. கை உள்ளே போனால் மெஷினைத் தானாக நிறுத்த அதில் ஒரு சென்சார் உண்டு. சும்மா சும்மா நின்று பீஸ் கணக்குக் குறைகிறது என்று அதற்கு வேறு ஒயர் கொடுத்து ஊமையாக்கி வைத்திருக்கிறார்கள். இப்போது கை போனாலும் நிற்காது.

"இன்னிக்கு மேடம்கிட்ட சொல்லிடப் போறேம்மா" என்று காலையில் பஸ்ஸிலேயே சொன்னாள்.

"வாய மூடிக்கினு இருடி" என்றேன். கான்ட்ராக்டில் இருந்து பெர்மனென்ட் ஆகிறவர்கள் பெயரைக் குருமூர்த்திதான் மேலே சொல்லி அனுப்புகிறார். அதில் இவள் பெயரும் இருக்கிறது. வாயைத் திறந்தால் அதுவும் போகும், இருக்கிற வேலையும் போகும். அப்புறம் சொந்த ஊர் ஊத்தங்கரைக்குப் போய் மழைக்கு மானத்தைப் பார்த்து உட்கார வேண்டியதுதான்.

அவள் முறை வந்தது. எழுந்து என்னைப் பார்த்தாள். நான் கரண்டியைத் தூக்கி வாளியைக் காட்டினேன். சாம்பார்னு சொல்லுடி, தாயே.

"சாம்பார்..." என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் அவளுக்கு வரவில்லை.

மேடம் சிரித்துவிட்டார். "எல்லாருக்கும் சாம்பார் மட்டும்தானா? இருங்க, நானே டேஸ்ட் பண்றேன்."

எழுந்து கவுண்டரைப் பார்த்து நடந்தார்.

வாயில் வைத்தால் தெரிந்துவிடும், சாம்பாரில் உப்பே இல்லை என்று. பிறகு, எல்லாரும் ஏன் பொய் சொல்கிறீர்கள், உண்மையில் என்ன பிரச்சினை என்று கேட்பார். ரஞ்சிதா இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். அவளால் அடக்க முடியாது.

மேஜைக் கிண்ணங்களில் நிரப்புகிற உப்புப் பாக்கெட் காலடியில் இருந்தது. குனிந்தேன். ஒரு கை அள்ளி வாளியில் போட்டேன். இன்னொரு கையும் போட்டு அடிவரை கலக்கினேன்.

மேடம் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். முகம் கோணிப்போனது. தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"கரெக்டாதான் சொல்றாங்க" என்றார்.

எல்லப்பன் ஓடி வந்தார். "நாளையிலேர்ந்து வேற ஆள் போட்டுடறேங்க மேடம்" என்றார். பார்த்தீங்களா, வாயைத் திறந்து சொன்னால் உடனே சரிபண்ணுவோம் என்று மேடம் சொல்ல, குருமூர்த்தி முதல் ஆளாகக் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

ரஞ்சிதா தட்டவில்லை. மேஜை உப்பு சேர்த்துப் பிசைந்து தினமும் அந்தச் சாம்பாரைச் சாப்பிடுகிறவள் அவள். என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். பாவி நான், நல்லவேளை என்றுதான் நினைத்தேன்.

கூட்டம் கலைந்து ஆட்கள் லைனுக்குப் போனார்கள். நான் வாளியைக் கவிழ்த்துக் கழுவ உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் அடிக்க ஆரம்பித்தது.

ஒரு தடவை நடுவில் நின்றது. கை போனாலும் தானாக நிற்காத மெஷின், யாரோ ஓடி நிறுத்தியிருக்க வேண்டும். வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சுவரில் காதை வைத்தேன். மறுபடி அடிக்க ஆரம்பித்த பிறகுதான் மூச்சு வந்தது.

நாளைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க நான் இங்கே இருக்க மாட்டேன்.