ஏழு தடவை கேட்கும்

தான் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு பூச்சு வேலை செய்த பள்ளிவாசலைக் காட்ட, கொத்தனார் மனைவியைக் கூட்டி வந்தார். அந்த வேலையில்தான் அவளுடைய அண்ணன், தலைமைக் கொத்தனார், சாரத்திலிருந்து விழுந்து செத்தார். கால் வழுக்கிவிட்டது என்று சொன்னவர் இவர். அவருக்குப் பிறகு தலைமைக் கொத்தனார் ஆனவரும் இவர்தான்.

"குவிமாடத்துக்கு நேர் கீழ நின்னு யாரையாவது கூப்பிடுங்கம்மா, ஏழு தடவை கேட்கும்," என்றார் வழிகாட்டி. "மாமியாரை மட்டும் வேண்டாம். ஏழு பேரை யாரு சமாளிக்கிறது?"

அவள் சிரித்தாள். "அண்ணா," என்றாள்.

மேலிருந்து ஆண்குரல் இறங்கியது. "கையை மிதிக்காதீங்க மாப்ள."

"வா, போகலாம்," என்று கொத்தனார் இழுத்தார். அவள் செருப்பில்லாத அவர் காலையே பார்த்தாள். இரண்டாவது தடவை, விரல் எலும்பு நொறுங்கும் சத்தமும் சேர்ந்து கேட்டது.

வழிகாட்டி விரல்விட்டு எண்ணினார். "இருங்க, இன்னும் அஞ்சு இருக்கு."