பெடலை விடாதீங்க

"அய்யோ, காலை எடுத்துட்டீங்களேம்மா! நான் சொல்றதுக்கு முன்னாடி பெடலை விடாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

காரின் பின்சக்கரத்தோரம் படுத்தபடி கத்தினார் மெக்கானிக் முருகையன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த இளவரசி, "கால் வழுக்கிடுச்சுண்ணே" என்றாள்.

"ஒரு பிரேக்கை மிதிக்கக்கூடத் தெரியல. இன்னாத்தைத்தான் நீ ஒழுங்கா செஞ்சிருக்கே?" என்றான் வெளியே நின்றிருந்த அவள் கணவன் ஆனந்தராஜ்.

"ஆமா, நீங்க வண்டியை வெச்சிருக்கிற லட்சணத்துலதான் தெரியுதே!" என்று திருப்பிக் கொடுத்தாள் இளவரசி.

முருகையனுக்கு எரிச்சலாக வந்தது. திண்டிவனத்தில் இருபது வருடமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறார். வண்டி நின்றுபோனால் புருஷன் பெண்டாட்டி சண்டை போடுவது அவருக்குப் புதிதில்லை. ஆனால் காலையில் வந்ததிலிருந்து ஓயாமல் சண்டை போடும் ஜோடியை இன்றுதான் பார்க்கிறார்.

எட்டரை மணிக்கு வந்தார்கள். ஒலக்கூரிலிருந்து பிரம்மதேசம் போய், மாமியார் வீட்டில் இருந்த பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு வந்ததாகச் சொன்னான் ஆனந்தராஜ். அவள் பின்சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழைய கார். பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதித்தது போல அடிவரைக்கும் போனது. சக்கரங்களைக் கழற்றிப் பார்த்ததில், பின்பக்கம் ஒரு சக்கரத்தில் பிரேக் சிலிண்டர் ஒழுகிக்கொண்டிருந்தது. புதியதை மாட்டியாயிற்று. பிரேக் லைனுக்குள் புகுந்த காற்றை வெளியே எடுப்பதுதான் பாக்கி.

அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்திலிருக்கும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். ஹெல்பர் இன்றைக்குப் பார்த்தா லீவு போட வேண்டும்?

"நல்லா கேட்டுக்குங்கம்மா. நிப்பிளைத் தொறந்தா ஆயிலோட காத்து வெளிய வரும். நான் மூடறதுக்குள்ள காலை எடுத்தீங்கன்னா, வந்த காத்து அப்படியே திரும்ப உள்ள போயிடும். மிதிங்க… மிதிங்க… புடிச்சிக்குங்க!"

நிப்பிளைத் திறந்தார். அதில் மாட்டியிருந்த டியூபில் குமிழ் குமிழாக வந்தது. மூடப் போன நேரத்தில் வந்த குமிழெல்லாம் சர்ரென்று திரும்பி உள்ளே ஓடின.

"மறுபடியும் விட்டுட்டீங்க!"

"எறங்கு, நான் மிதிக்கிறேன்" என்று ஆனந்தராஜ் கதவைத் திறந்தான். "பதினோரு மணிக்கு விழுப்புரம் கோர்ட்டுல இருக்கணும்ணே. இன்னைக்கு ஆஜரானா ஒன்றரை வருஷத்துக் கேஸு முடிஞ்சிடும். ஜல்தி பண்ணுங்க."

"அவ்வளவு அவசரம்னா பஸ்ல போங்க சார். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸு இருக்குது. வண்டியைச் சாயந்தரம் வந்து எடுத்துக்கலாம்."

"பஸ்லயா? எனக்கு வாந்தி வரும்" என்றாள் இளவரசி.

"கூட்டத்துல சட்டையெல்லாம் கசங்கிடும்ணே" என்றான் ஆனந்தராஜ். காலையிலிருந்து இருவரும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

அவன் மிதித்தான். முருகையன் திறந்தார். மூடுவதற்குள் குமிழ்கள் மறுபடியும் உள்ளே ஓடின.

"நீங்களுமா சார்!"

"கொசு கடிச்சிடுச்சுண்ணே."

"ஒரு பிரேக்கை மிதிக்கக்கூடத் தெரியல" என்றாள் இளவரசி, அவன் சொன்ன அதே குரலில்.

ஆளை மாற்றி மாற்றி உட்கார வைத்துப் பார்த்தார். ஒரு பாட்டில் பிரேக் ஆயில் தீர்ந்து இன்னொன்று உடைத்தாயிற்று. பெடல் மட்டும் அதே பஞ்சு மூட்டைதான். ஒருவேளை மாஸ்டர் சிலிண்டரும் போய்விட்டதோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பெரிய பேஜாராகப் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பதினொன்றரைக்கு ஆனந்தராஜின் போன் அடித்தது. வக்கீல் வெங்கடாசலம். அவர் போட்ட சத்தம் முருகையன் காதுவரைக்கும் கேட்டது.

"எங்கய்யா இருக்கீங்க ரெண்டு பேரும்? பேரைக் கூப்பிட்டு முடிச்சிட்டாங்க. கேஸு அடுத்த மாசம் இருபதாம் தேதிக்குப் போயிடுச்சு!"

"இன்னா சார் பண்றது, பிரேக்கு புடிக்கல" என்று போனை வைத்தான் ஆனந்தராஜ்.

முருகையனுக்குச் சங்கடமாகிவிட்டது. தன்னால் ஒரு குடும்பத்தின் கேஸ் தள்ளிப்போய்விட்டதே! "கடைசியா ஒரு வாட்டி பாத்துடலாம்மா" என்று மறுபடியும் படுத்தார். இளவரசி ஏறி உட்கார்ந்தாள்.

"மிதிங்க… மிதிங்க… புடிச்சிக்குங்க!"

பிடித்தாள். காற்றெல்லாம் கொப்பளித்துக்கொண்டு வெளியே வந்தது. மூன்றே தடவைதான், அப்புறம் சுத்தமான ஆயில் மட்டும் வந்தது. பெடல் கல் மாதிரி நின்றது.

முருகையன் எழுந்து உட்கார்ந்தார். வந்த கோபத்துக்கு அளவில்லை.

"இதைத்தானேம்மா காலைலேர்ந்து தொண்டை கிழியக் கத்திக்கினு இருக்கேன்! அப்பவே ஒழுங்கா புடிச்சிருந்தா பத்து மணிக்கெல்லாம் விழுப்புரம் போயிருக்கலாமே! அப்படி இன்னா கேஸு சார் அது? நெலத் தகராறா?"

ஆனந்தராஜ் தலையைச் சொறிந்தான். "இல்லண்ணே… எங்க ரெண்டு பேரோட விவாகரத்து கேஸு."

முருகையன் சக்கரத்தை மாட்டிக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டார். இளவரசி டிரைவர் சீட்டை ஆனந்தராஜுக்கு விட்டு இறங்கிச் சுற்றி வந்து, இந்தத் தடவை முன்சீட்டில் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அண்ணே, அடுத்த மாசம் இருபதாம் தேதி காலைல கடை இருக்கும் இல்ல? கிளட்சும் கொஞ்சம் சரியில்லாத மாதிரியே இருக்குது."