கொடியில் இரண்டு துண்டுகள்

தையல்காரர் குளியலறையில் குந்தி அமர்ந்து, வாளி வெந்நீரில் வினிகரை ஊற்றிச் சமையல் சோடாவைத் தூவுகிறார். நுரை சீறி எழுந்து அடங்குகிறது. துணியை மிருதுவாக்கக் கடையில் விற்கும் கண்டிஷனரின் வாசனை மனைவிக்குக் குமட்டலைத் தருகிறது. புற்றுநோய்க்கான மருந்து ஏற ஏற அவள் தோல் வெந்து கிடக்கிறது. மொரமொரவென்று எது பட்டாலும் எரிகிறது.

“என்ன, ஊறுகாய் போடறீங்களா?” கட்டிலிலிருந்து அவள் கேட்கிறாள்.

“ஆமா, உன்னைத்தான் ஊறப்போடப் போறேன்.”

“போடுங்க. கெட்டுப்போகாமலாவது இருப்பேன்.”

அவர் சிரித்தபடி எழுந்துவந்து, ஜன்னலோரக் கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி அவள் மடியில் வைக்கிறார். “நேத்து கலந்ததுல அலசினது. தொட்டுப் பாரு.” பருத்தி எது, கலப்பு எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லும் விரல்கள் அவளுடையவை. அவள் தொட்டுச் சொன்ன பிறகுதான் அவர் துணியில் கத்தரி வைப்பார்.

அவள் நிதானமாகத் தடவுகிறாள். “பஞ்சு மாதிரி இருக்குங்க.”

அப்போதுதான் அவர் கவனிக்கிறார். நேற்று அலசிய துண்டு கொடியிலேயே தொங்குகிறது. அவள் மடியில் இருப்பது அதன் ஜோடி. வெறும் தண்ணீரில் அலசி விறைத்துக் காய்ந்தது. அந்த முரட்டு நூலின் மேல் அவள் விரல்கள் ஒன்றும் தெரியாமல் போய்ப் போய் வருகின்றன. எப்போது மரத்துப்போயினவோ, அவரிடம் அவள் சொல்லவில்லை.

“நெஜமாவா?”

“பொய்யா சொல்றேன்?”

“அப்ப இதே பக்குவம்தான்” என்றபடி அதை வாங்கிக்கொள்கிறார். அவள் முகத்தைப் பார்க்காமல், கொடியில் இருந்த துண்டை எடுத்து அவள் முதுகுக்கடியில் விரிக்கிறார்.