சோற்றில் ஒன்றுமில்லை

அவள் வெளியே போனால் கேட்டுவிடலாம்.

போகவில்லை. பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து, டாக்டரம்மா சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"கோகிலாமணி, கீழ லேப்புல குடல்ல எடுத்த சதை டெஸ்ட் ரிப்போர்ட் வந்துருச்சான்னு பாத்துட்டு வா," என்று மனைவியை அனுப்பினார்.

எழுந்து போனாள்.

கதவு மூடும்வரை காத்திருந்தார்.

அவருக்கு இரண்டாம் தாரமாக அவள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வந்த கொஞ்ச நாளிலேயே வயிற்றுப்போக்கு. பிறகு ரத்தம். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போனார்.

அக்காதான் முதலில் சொன்னாள். "தம்பி, சோத்துல என்னத்தையோ கலக்கறாளாட்ட இருக்குது. காடு தோட்டமெல்லாம் உம்பேர்லதான இருக்குது?"

அன்றிலிருந்து அவள் கைகளையே பார்த்தார்.

அவள் வைத்த ரசத்தை முகர்ந்தார். அவள் அந்தப் பக்கம் போனதும் கொல்லையில் கொட்டினார்.

மெஸ்ஸில் சாப்பிட்டார். ரத்தம் நிற்கவில்லை.

காப்பியாக இருக்கும் என்று தோன்றியது. அதையும் விட்டார்.

நிற்கவில்லை.

குடிக்கிற தண்ணீர்?

"டாக்டரம்மா..." குரலைத் தாழ்த்தினார். "சோத்துல யாராச்சும் எதையாச்சும் போட்டுக் குடுத்தா இப்படி ஆகுமுங்களா? வீட்டுக்குள்ளயே இருக்கறவங்க..."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"சோத்துல ஒண்ணுமில்லைங்க. குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாத்ததுலயே தெரிஞ்சுது. குடல்ல இருக்கிற செல்கள் மேல ஏற்பிகள்னு இருக்கும். உள்ள வர்றது யாருன்னு தொட்டுப் பார்த்துச் சொல்றது அதுங்க வேலை. காலங்காலமா குடல்லயே இருந்து நமக்கு நல்லது செய்யற கிருமிகளும் உண்டு. உங்களுக்கு அதையும் எதிரின்னு சொல்லுது. உடம்பு சண்டைக்குக் கிளம்பிடுது. அதுல வந்த புண்ணுதான் இது."

"அப்ப வெளிய இருந்து யாரும்..."

"யாருமில்லைங்க."

நன்றி சொல்ல வாயெடுத்தார்.

டாக்டரம்மாவின் பார்வை அவரைத் தாண்டிப் போயிருந்தது.

திரும்பினார்.

திறந்த கதவைப் பிடித்தபடி கோகிலாமணி நின்றிருந்தாள். கையில் ரிப்போர்ட் கவர்.

எவ்வளவு நேரமாக?

அவள் உள்ளே வந்தாள். கவரை மேஜைமேல் வைத்தாள். அவரைப் பார்க்கவில்லை. உட்காரவும் இல்லை.

"மருந்து இருக்கு," என்றார் டாக்டரம்மா, ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு. "சண்டை போடச் சொல்ற தகவல் அதை வாங்கற வேற ஏற்பிகள்ல போய் ஒட்டாமத் தடுக்கும். ஊசி. வீட்டுலயே போட்டுக்கலாம். சிஸ்டர் சொல்லித் தருவாங்க."

அடுத்த அறையில் சிஸ்டர் பேனா போலிருந்த ஊசியைக் காட்டினாள். தொப்புளிலிருந்து சற்றுத் தள்ளி, சதையைக் கிள்ளிப் பிடித்து, அழுத்த வேண்டும்.

"வீட்டுல யாருங்க போடுவீங்க?"

"இவதான்," என்றார் அவர். சட்டென்று சொன்னார். "இவதான் போடுவா."

சட்டையைத் தூக்கிக்கொண்டு வயிற்றைக் காட்டி நின்றார்.

சிஸ்டர் ஊசியை அவளிடம் நீட்டினாள்.

கோகிலாமணி கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அவருகிட்டயே குடுத்துருங்க சிஸ்டர். எங்கையில வேண்டாம்."

சட்டையை இறக்கிவிடத் தோன்றாமல் அவர் அப்படியே நின்றார்.